கோட்டுக்கு வெளியே நிற்பவர்

தைப் பொங்கலை ஒட்டியும் கோயில் கொடைகளை ஒட்டியும் தமிழகத்துச் சிற்றூர்களில் நடைபெறும் கபடி, கைப்பந்துப் போட்டிகளின் சுவரொட்டிகளில் பரிசு வழங்குவோரின் பெயர்கள் படத்துடன் இடம்பெறுகின்றன. பரிசுத் தொகையும் சுழற்கோப்பையும் கொட்டை எழுத்தில் அறிவிக்கப்படுகின்றன. ஆனால் விடிய விடிய நின்று அந்தப் போட்டியை நடத்திக் கொடுக்கப்போகும் நடுவரின் பெயர் அவற்றில் அநேகமாக இருப்பதில்லை. அவரை ஊரார் ‘பி.டி. சார்’ என்றோ ‘பி.டி. மாஸ்டர்’ என்றோ அழைக்கின்றனர். வார நாள்களில் ஏதோ ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராகவும், மாலை நேரங்களில் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுப்பவராகவும், சனி ஞாயிறுகளில் விசிலோடு பேருந்து ஏறுபவராகவும் வாழும் இந்த மனிதர், எந்த ஒரு பதவிப் பெயருக்குள்ளும் முழுதாக அடங்குவதில்லை. ஆசிரியர் அல்லாத நடுவர்களும் உண்டு. ஆடி ஓய்ந்த பழைய வீரர்கள், ராணுவத்திலிருந்து திரும்பியவர்கள், அலுவலகப் பணியாளர்கள் எனப் பலர் இந்த வேலையைச் சம்பளத்துக்காக அன்றி, ஆட்டத்தின் மீதுள்ள பிடிப்பால் செய்து வருகின்றனர்.

‘அமெச்சூர்’ என்னும் சொல் குறிப்பதும் இதைத்தான். விரும்புதல் என்று பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு மொழி வழியாக வந்த இச்சொல், ஒன்றைப் பிழைப்பாகக் கொள்ளாமல் விருப்பத்தால் செய்பவரைக் குறிப்பது. பேச்சுவழக்கில் அதற்கு அரைகுறை என்னும் பொருள் ஏறிவிட்டபோதிலும், தமிழ்நாடு அமெச்சூர் கபடிக் கழகம் போன்ற அமைப்புகளின் பெயரில் அது பழைய பொருளோடேயே நிற்கிறது. ‘அம்பயர்’ என்னும் சொல்லின் வரலாறு இன்னும் சுவையானது. இணை இல்லாதவர், அதாவது வழக்காடும் இருவரில் எவருக்கும் சோடி சேராத ஒற்றை ஆள் என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல் ஆங்கிலத்துக்குள் வந்து, முதலெழுத்தை இழந்து, இவ்வடிவம் பெற்றது. தமிழ்ச் சொல்லாகிய ‘நடுவர்’ நிற்கும் இடத்தைச் சுட்டுகிறது. அம்பயர் என்பது அந்த இடத்தில் நிற்பவரின் தனிமையைச் சுட்டுகிறது. ஊர்த் திடலில் நள்ளிரவு தாண்டி நிற்கும் ஒருவருக்கு இரண்டு சொற்களும் பொருந்துகின்றன.

ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து நந்தனம் வரை

இந்த வாழ்க்கைமுறை தமிழகத்தில் உருவான விதத்துக்கு ஒரு தெளிவான வரலாறு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க நகரங்கள் தொழிற்சாலைகளாலும் நெரிசலான குடியிருப்புகளாலும் நிரம்பியபோது, தெருவில் திரியும் சிறுவர்களுக்கு விளையாட இடமும், அந்த இடத்தில் அவர்களை வழிநடத்த ஓர் ஆளும் தேவை என்னும் கருத்து வலுப்பெற்றது. இடம் மட்டும் இருந்தால் வலுத்தவன் அதைப் பிடித்துக்கொள்வான் என்பதை அனுபவத்தில் கண்ட பிறகே, ‘விளையாட்டுத் தலைவர்’ என்னும் பொறுப்பு அங்கே பிறந்தது. விளையாடுவோரை ஒன்று சேர்ப்பது, குழு பிரிப்பது, விதி சொல்வது, சண்டை தீர்ப்பது ஆகியவை அவரது வேலைகள். 1906இல் தொடங்கப்பட்ட அமெரிக்க விளையாட்டுத்திடல் சங்கத்தின் முதல் தலைவரான லூதர் குலிக், அதற்கு முன் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் பணியாற்றியவர். அங்கே அவர் கேட்டுக்கொண்டதன் பேரில்தான் ஜேம்ஸ் நைஸ்மித் 1891இல் கூடைப்பந்தை உருவாக்கினார். அதே பள்ளியில் பயின்ற வில்லியம் மோர்கன் 1895இல் அருகிலுள்ள ஹோலியோக் நகரில் கைப்பந்தை வகுத்தார்.

ஸ்பிரிங்ஃபீல்டில் பயிற்சி பெற்ற இன்னொருவர்தான் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஹாரி குரோ பக். 1919இல் இந்தியா வந்த அவர், 1920இல் சென்னையில் உடற்கல்வி ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பின்னாளில் நந்தனத்தில் நிலைகொண்ட ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அதுவே. இந்தியாவில் உடற்கல்விக்கென எழுந்த முதல் கல்லூரியும் அதுவே. அக்காலத்துப் பள்ளிகளில் ‘டிரில் மாஸ்டர்’ எனப்பட்டவர் பெரும்பாலும் ஓய்வு பெற்ற சிப்பாய். அவர் அறிந்தது வரிசையில் நிற்க வைப்பதும் கட்டளைக்குக் கையைத் தூக்க வைப்பதும்தான். பக்கின் மாணவர்கள் அந்த இடத்தில் போட்டி விளையாட்டைக் கொண்டுவந்தனர். ஒரு பள்ளிக்கோ ஒரு பேட்டைக்கோ போய் அங்கே திடல் அமைத்து, ஆட்டம் கற்றுக் கொடுத்து, போட்டி நடத்தி, அதற்கு நடுவராகவும் நிற்பது அவர்களது பணியாயிற்று. ஒரே மனிதர் பயிற்சியாளராகவும் அமைப்பாளராகவும் நடுவராகவும் இருக்கும் தமிழக வழக்கத்தின் வேர் இங்கே இருக்கிறது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியோடு பக்கும் சென்றார் என்பது பலரால் குறிப்பிடப்படுகிறது. ஆனால் அவர் விளையாட்டுகளின் விதிகளைத் தொகுத்து நூலாக்கியது அதைவிட நீண்ட பயன் தந்த செயல். எழுதப்பட்ட விதி கைக்கு வந்த பிறகுதான் திருநெல்வேலியில் ஆடுவதும் வேலூரில் ஆடுவதும் ஒரே ஆட்டம் ஆகின்றன. 1943இல் சென்னையிலேயே அவர் காலமானார்.

சடுகுடு எனப்பட்ட கபடிக்கும் அதேபோன்ற மாற்றம் நேர்ந்தது. ஊருக்கு ஒரு பெயரும் ஊருக்கு ஒரு வழக்கமுமாக இருந்த ஆட்டத்துக்கு 1920களில் மகாராட்டிரத்திலும் பரோடாவிலும் எழுத்துவடிவ விதிகள் வகுக்கப்பட்டன. 1938இல் கல்கத்தாவில் நடந்த இந்திய ஒலிம்பிக் போட்டிகளில் அது இடம்பெற்றது. 1990இல் பெய்ஜிங்கில் ஆசிய விளையாட்டுக்குள் நுழைந்தது. இந்தப் பாதையில் வீரரைப் போலவே நடுவரும் மாறினார். முன்பு திடலோரத்தில் அமர்ந்த மூத்தவரின் சொல்லே தீர்ப்பு; இப்போது கழகங்கள் நடத்தும் நடுவர் தேர்வை எழுதி, செய்முறையிலும் தேறி, சான்றிதழோடு வருபவரின் விசிலே தீர்ப்பு.

முப்பது நொடி வேலை

ஆடவர் கபடிக் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. மகளிருக்கு அது 12க்கு 8 என்று குறைகிறது. போட்டிக்குரிய முழு நடுவர் குழுவில் ஒரு ரெஃப்ரி, இரண்டு அம்பயர்கள், ஒரு ஸ்கோரர், இரண்டு துணை ஸ்கோரர்கள் என ஆறு பேர் இருக்க வேண்டும். தமிழில் ரெஃப்ரியையும் அம்பயரையும் ‘நடுவர்’ என்ற ஒரே சொல்லால் அழைத்துவிடுகிறோம். விதியில் அவர்கள் வேறு. அம்பயர்கள் நடுக்கோட்டின் இரு முனைகளில் நின்று ஒவ்வொரு தொடுதலையும் பிடியையும் தீர்ப்பவர்கள். அவர்கள் முடிவே பொதுவாக இறுதியானது. அவர்கள் இருவரும் முரண்படும்போதும் சில தனிச் சூழல்களிலும் மட்டுமே ரெஃப்ரி தலையிட்டுத் தம் முடிவைச் சொல்கிறார். ஊர்ப் போட்டிகளில் ஆறு பேர் வருவது அரிது. மூன்று பேர் வந்தால் நிறைவு; இரண்டு பேரோடு நடந்து முடியும் போட்டிகளும் உண்டு.

ஒரு பாட்டுக்கு, அதாவது ஒருவர் எதிரணிக் களத்துக்குள் ‘கபடி கபடி’ என்று பாடியபடி சென்று திரும்புவதற்கு, 30 நொடி அனுமதி. அந்த 30 நொடியில் அம்பயர் பார்க்க வேண்டியவற்றை வரிசைப்படுத்தினால் மனிதக் கண்ணின் எல்லை புரியும். பாடிச் செல்பவர் நடுக்கோட்டைத் தாண்டும் முன்பே பாட்டைத் தொடங்கிவிட்டாரா என்பதைக் காதால் கேட்க வேண்டும். ஒலிபெருக்கியும் மேளமும் சீழ்க்கையும் சூழ்ந்த இடத்தில் ஒருவரது மூச்சை மட்டும் பிரித்துக் கேட்பது எளிதன்று. அவர் பாக் கோடு எனப்படும், ஆடவர் களத்தில் நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டர் தள்ளியுள்ள கோட்டையாவது தாண்ட வேண்டும். தாண்டாமலும் எவரையும் தொடாமலும் திரும்பினால் அவர் ஆட்டமிழந்தவர். அதற்கும் ஒரு மீட்டர் அப்பால் போனஸ் கோடு. எதிரணியில் ஆறு பேரேனும் களத்தில் இருக்கும்போது, ஒரு கால் அந்தக் கோட்டைத் தாண்டி ஊன்றியும் மறு கால் தரையில் படாமலும் இருந்தால் ஒரு புள்ளி. முன்கால் விரலைப் பார்க்கும் அதே நொடியில் பின்கால் குதிகாலையும் பார்க்க வேண்டும். அதே நொடியில் மூலையில் நிற்கும் பிடிகாரரின் பாதம் இறுதிக் கோட்டுக்கு வெளியே போகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

கடினமான கணம் பிடி விழுந்த பிறகு வருகிறது. கணுக்காலில் ஒருவர், தொடையில் ஒருவர், இடுப்பில் ஒருவர், மேலே விழுந்து அமுக்குபவர்கள் இருவர் என ஐந்து பேர் சேர்ந்து இழுக்க, பாடிச் சென்றவர் மண்ணில் குப்புற விழுந்தபடி கையை நீட்டுகிறார். புழுதி எழுந்து சுண்ணாம்புக் கோட்டை மறைக்கிறது. விரல் நுனி நடுக்கோட்டைத் தொட்டதா, தொடும் முன் பாட்டு நின்றதா என்னும் ஒரே கேள்விக்கு அம்பயர் அந்தக் குவியலுக்கு அருகே குனிந்து, ஏறத்தாழ மண்ணோடு கன்னம் படிய, விடை காண வேண்டியிருக்கிறது. தொட்டார் என்றால் பிடித்த ஐவரும் வெளியே, ஐந்து புள்ளி. தொடவில்லை என்றால் எதிரணிக்கு ஒரு புள்ளி. இரண்டு முடிவுகளுக்கும் இடையே ஆறு புள்ளி வேறுபாடு இருப்பதால், ஆட்டத்தின் போக்கே அந்த ஒரு விரலில் தொங்குகிறது. தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகும் தொழில்முறைத் தொடரில் மறுபார்வைக்கு வாய்ப்பு உண்டு. ஊர்த் திடலில் விசில் ஒலித்து கை உயர்ந்தால் அதுவே முடிவு. யாரோ ஒருவர் கைப்பேசியில் எடுத்த காணொளியை அரைமணி கழித்துக் கொண்டுவந்து காட்டுவது இக்காலத்தின் புதிய தொல்லை.

கைப்பந்தில் சிக்கல் வேறு வகையானது. அங்கே முதல் நடுவரின் பார்வை வலைக்கு மேலே ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்கிறது விதி. ஆடவர் வலையின் உயரம் 2.43 மீட்டர் என்பதால், ஏறி நிற்க முறையான மேடை வேண்டும். மேசைமேல் ஸ்டூல் வைத்து, அதன் ஒரு காலுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து நின்றபடி ஐந்து செட் நடத்திய நடுவர்கள் பல ஊர்களில் உண்டு.

இருபத்திரண்டு ஆட்டங்கள்

விசில் ஊதுவது இந்த வேலையின் வெளியே தெரியும் பகுதி மட்டுமே. போட்டியை அமைப்பதில்தான் பாதி உழைப்பு இருக்கிறது. எடுத்துக்காட்டாக, 23 அணிகள் நுழைவுக் கட்டணம் கட்டியிருக்கின்றன என்று கொள்ளலாம். தோற்றவர் வெளியேறும் ‘நாக்-அவுட்’ முறையில் அணிகளின் எண்ணிக்கை 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துச் செல்லும் வரிசையில் அமைய வேண்டும். 23க்கு அடுத்து வருவது 32 என்பதால், ஒன்பது அணிகளுக்கு முதல் சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்றுக்குச் செல்லும் ‘பை’ தர வேண்டும். எந்த ஒன்பது அணிக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுப்பதே வழக்கம். அந்தக் குலுக்கலை அணித் தலைவர்கள் அனைவரின் கண்முன் செய்யாத அமைப்பாளர், முதல் ஆட்டம் தொடங்கும் முன்பே நம்பிக்கையை இழந்துவிடுகிறார். ஆக மொத்தம் 22 ஆட்டங்கள். ஆடவர் கபடியின் முழு நேரமாகிய 20 நிமிடப் பாதிகள் இரண்டும் 5 நிமிட இடைவேளையுமாக ஒவ்வொன்றும் நடந்தால், ஒரே களத்தில் பதினாறரை மணி நேரம் ஆகும். அதனால்தான் ஊர்ப் போட்டிகளில் பாதியைப் பத்து நிமிடமாகச் சுருக்குகிறார்கள். அப்படிச் சுருக்கியும், ஆட்டத்துக்கு 25 நிமிடம் வீதம் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. இரவு எட்டுக்கு மின்னொளியில் தொடங்கினால் இறுதி ஆட்டம் முடியும்போது சேவல் கூவிவிடும்.

அதற்கு முன்னதாகக் களத்தை அளந்து கயிறு பிடித்துக் கோடு போட வேண்டும். கல் பொறுக்கி, மண் பரப்பி, தண்ணீர் தெளித்து இறுக விட வேண்டும். எடைப் பிரிவுப் போட்டியாக இருந்தால் வீரர்களை ஒவ்வொருவராகத் தராசில் ஏற்ற வேண்டும். 60 கிலோப் பிரிவில் இருநூறு கிராம் கூடுதலாக நிற்கும் இளைஞர் சட்டையைக் கழற்றி, பிறகு காலுறையையும் கழற்றி, மூச்சை அடக்கி நிற்பதையும், அவரது அணியினர் ‘விடுங்க சார், இருநூறு கிராம்தானே’ என்று கெஞ்சுவதையும் எதிர்கொள்வது நடுவரின் அன்றைய முதல் சோதனை. அங்கே நெகிழ்ந்தவர் நடுக்கோட்டில் உறுதியாக நிற்க முடியாது என்பதைக் கூடியிருப்பவர்கள் அனைவரும் அறிவர், நடுவரும் அறிவார்.

நடுவரின் அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்னும் கேள்விக்கு விதிநூலில் பாதி விடைதான் இருக்கிறது. பச்சை அட்டை எச்சரிக்கை, மஞ்சள் அட்டை இரண்டு நிமிட வெளியேற்றம், சிவப்பு அட்டை ஆட்டத்திலிருந்தே நீக்கம் என்று விதி சொல்கிறது. ஆனால் சுற்றி நிற்கும் ஐந்நூறு பேர் ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்த அட்டை வெறும் நெகிழித்துண்டு. ஊர் அணிகள் பல தெருவாரியாக அமைவதும், தெரு என்பது நம் ஊர்களில் சாதியும் ஆவதும் மறைக்க இயலாத உண்மை. அத்தகைய இரண்டு அணிகள் மோதும் ஆட்டத்தில் ஒரு போனஸ் புள்ளி வெறும் புள்ளியாக நிற்பதில்லை. நடுவர்களை வெளியூரிலிருந்து அழைக்கும் வழக்கத்துக்குப் பயிற்சித் தரம் மட்டும் காரணமன்று; எந்தத் தெருவுக்கும் உரியவர் அல்லாத ஒருவர் தேவைப்படுகிறார் என்பதே பெரிய காரணம். இணை இல்லாதவர் என்னும் அந்தப் பழைய பிரெஞ்சுச் சொல்லின் பொருளை நம் ஊர்கள் தம் தேவையாலேயே கண்டுகொண்டிருக்கின்றன. தேர்ந்த நடுவர் முதல் ஐந்து நிமிடத்திலேயே இரு பக்கமும் சிறு தவறுகளைக் கண்டித்துத் தம் அளவுகோலைக் காட்டிவிடுகிறார். அதன் பிறகு வரும் பெரிய முடிவை ஆட்டக்காரர்கள் முணுமுணுத்தபடியேனும் ஏற்கிறார்கள். தாமதமாக ஊதிய விசில் தவறான விசிலைவிட மோசமானது என்பது இத்துறையினரிடையே வழங்கும் கருத்து. அது சரியென்றே தோன்றுகிறது. தயக்கத்தைக் கூட்டம் உடனே மோப்பம் பிடித்துவிடுகிறது.

கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லலாம். உள்ளே சிறு குண்டு உருளும் பழைய விசிலில் எச்சிலோ புழுதியோ சேர்ந்தால் குண்டு சிக்கிக்கொள்ளும். முக்கியமான ஆட்டமொன்றில் அப்படி விசில் ஊமையாகிப்போன கனடா நாட்டுக் கூடைப்பந்து நடுவர் ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட், குண்டே இல்லாத ‘ஃபாக்ஸ் 40’ விசிலை உருவாக்கி 1987இல் வெளியிட்டார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக நடுவர்களின் கழுத்தில் தொங்கும் அந்தக் கருவி ஒரு நடுவரின் அவமானத்தில் பிறந்தது.

பந்து வந்தது, ஆள்?

திரைப்படங்கள் கபடி வீரரைக் கொண்டாடியிருக்கின்றன. ‘கில்லி’யும் ‘வெண்ணிலா கபடிக்குழு’வும் வீரரின் கதைகள், அவற்றில் நடுவர் விசில் ஊதும் நிழல். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற மணத்தி கணேசனைப் போன்ற வீரர்கள் சிற்றூர்த் திடல்களிலிருந்து எழுந்தவர்கள் என்பது அடிக்கடி பேசப்படுகிறது. அந்தத் திடல்களில் ஆட்டம் முறையாக நடந்ததால்தான் திறமை அடையாளம் காணப்பட்டது என்பது பேசப்படுவதில்லை.

அரசின் கவனமும் பெரும்பாலும் பொருளின் மீதும் பரிசின் மீதும்தான். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் 1992இல் அமைக்கப்பட்டது. உடற்கல்விக்கெனத் தனிப் பல்கலைக்கழகமே 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே உருவானது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள் நடக்கின்றன. மாநிலத்தின் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கு விளையாட்டு உபகரணங்கள் வழங்கும் திட்டம் 2024இல் தொடங்கப்பட்டது. இவை அனைத்தும் நல்லவையே. ஆனால் ஊராட்சி அலுவலகத்து அலமாரியில் பூட்டிக் கிடக்கும் வலையை எடுத்துக் கட்டி, மாலை ஐந்தரைக்குச் சிறுமிகளையும் சிறுவர்களையும் சேர்த்து ஆட வைக்கும் ஆள் யார் என்னும் கேள்விக்கு எந்தத் திட்டமும் விடை சொல்லவில்லை. சிறுமிகளைப் பொறுத்தவரை இக்கேள்வி இன்னும் கூர்மையானது. நம்பத்தக்க ஒருவர், அதிலும் முடிந்தால் ஒரு பெண், திடலில் நிற்கிறார் என்னும் உறுதி இல்லாமல் எந்த வீட்டிலும் பன்னிரண்டு வயதுப் பெண்ணை மாலையில் விளையாட அனுப்புவதில்லை. ஆசிய விளையாட்டில் மகளிர் கபடி 2010 முதல் இருந்துவருகிறது. ஊர்த் திடலுக்கு அது வந்து சேர, விசில் பிடித்த பெண்கள் இன்னும் பலர் வேண்டும்.

இருக்கிற ஆள்களின் நிலையும் சொல்லத்தக்கதாக இல்லை. 2012இல் உடற்கல்வி, ஓவியம், இசை, தையல் முதலிய பாடங்களுக்கு அரசுப் பள்ளிகளில் பகுதிநேர ஆசிரியர்களாக 16,549 பேர் நியமிக்கப்பட்டபோது அவர்களது தொடக்க ஊதியம் மாதம் 5,000 ரூபாய். வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை. பின்னர் ஊதியம் படிப்படியாக உயர்ந்தபோதிலும், பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடி வந்தனர். நிரந்தரப் பணியில் இருப்பவரின் உடற்கல்விப் பாடவேளையோ, தேர்வு நெருங்கும்போது கணக்குக்கும் அறிவியலுக்கும் முதலில் தாரை வார்க்கப்படும் பாடவேளை. ஊர்ப் போட்டிக்கு நடுவராகச் செல்பவருக்குக் கிடைப்பது பயணச் செலவு, ஒரு வேளைச் சாப்பாடு, விடியலில் மேடைக்கு அழைத்துப் போர்த்தும் துண்டு, அமைப்பாளர் கையில் மிஞ்சியதில் ஒரு பகுதி; சில நேரம் துண்டு மட்டும். ஐம்பதை நெருங்கும்போது முழங்கால் வலியும் தொண்டைக் கட்டும் சேர்ந்துகொள்கின்றன. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இல்லாத தகப்பன் என்னும் பெயர் அதற்கு முன்பே வந்துவிடுகிறது.

இந்த நிலையை மாற்றப் பெரிய ஆணையமோ புதிய சட்டமோ தேவையில்லை. இளைஞர் மன்றங்களும் விழாக் குழுக்களும் வரவு செலவு எழுதும்போது, முதல் பரிசுத் தொகைக்கு மேலே, முதல் வரியாக நடுவர்களின் மதிப்பூதியத்தை எழுதலாம். இரண்டு பேரை நான்கு பேராக்கி, பாதி இரவில் ஆள் மாற்றிக்கொள்ள வழி செய்யலாம். உபகரணப் பையை வாங்கிய ஊராட்சி, அதைத் திறந்து ஆட்டம் நடத்த ஒருவரை மாலை நேர ஊதியத்தில் அமர்த்தலாம். அடுத்த பொங்கலுக்குச் சுவரொட்டி அச்சடிக்கும் ஊரார், பரிசு வழங்குவோரின் படங்களுக்குக் கீழே ஒரு வரி இடம் விட்டு, நடுவர்களின் பெயர்களையும் அச்சிட வேண்டும்.